வயதான பூனையின் வலியும் இடம் மாறிய பயமும்

திருநெல்வேலியிலும் தாமிரபரணிக் கரை ஊர்களிலும் வயதான பூனை வளர்க்கும் அனைவருக்கும்,

எலி பிடிக்கட்டும் என்று வீட்டில் விட்ட பூனை, ஐந்தாறு வயதுக்குள் நாயிடம் கடிபட்டோ வண்டியில் அடிபட்டோ போய்ச் சேரும் காலம் மெல்ல மாறிவருகிறது. பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை அடுக்குமாடிகளிலும், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், ஸ்ரீவைகுண்டம் தெரு வீடுகளிலும் தடுப்பூசி, கருத்தடை, வேளாவேளைக்குச் சாப்பாடு என்று வளரும் பூனைகள் 12, 15 வயதைத் தொடுகின்றன. ஆயுள் கூடியதும் மூட்டுவலியும் கூடவே வந்துவிட்டது. அந்த வலிக்கு நாம் பார்க்கும் வைத்தியத்தில் ஒரு விசித்திரம் இருக்கிறது. கால்நடை மருத்துவர் எடை பார்த்து அளந்து எழுதிக்கொடுத்த சொட்டு மருந்தை, ‘கிட்னி போயிருமாம்’ என்று யாரோ சொல்லக் கேட்டு அலமாரியில் தூக்கி வைத்துவிடுகிறோம். அதே வீட்டில், காய்ச்சலுக்கு வாங்கி வைத்த மாத்திரையில் பாதியைப் பொடித்துப் பாலில் கலக்க யாரும் யோசிப்பதில்லை. முதலாவது, கவனமாகக் கொடுத்தால் பல மாதங்களுக்கு நிம்மதி தரக்கூடியது. இரண்டாவது, ஒரே நாளில் உயிரைக் குடிக்கக்கூடியது. பயம் வேண்டிய இடத்தில் துணிச்சலும், நிதானம் வேண்டிய இடத்தில் பயமும் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றை இடம் மாற்றி வைக்கத்தான் இந்த மடல்.

முதலில், வலி இருக்கிறதா என்பதையே பலர் ஒப்புக்கொள்வதில்லை. நாய்க்கு மூட்டுவலி என்றால் நம்புகிறோம், நொண்டுகிறது, முனகுகிறது. பூனை இரண்டையும் செய்வது அரிது. 2002-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 12 வயதைக் கடந்த 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களைப் பார்த்தார்கள். 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானத்தின் அடையாளம் தெரிந்தது. 2010-இல் வட கரோலினாவில் இன்னொரு ஆய்வு. வயது பாராமல், ஆறு மாதக் குட்டி முதல் 20 வயதுக் கிழடு வரை பொறுக்கி எடுத்த 100 பூனைகள். அவற்றில் 92-க்கு உடம்பில் ஏதாவது ஒரு மூட்டிலாவது தேய்மானம் இருந்தது. எக்ஸ்ரேயில் தெரிகிற தேய்மானமெல்லாம் வலி என்று இதற்குப் பொருள் கிடையாது. படத்தில் மோசமாகத் தெரியும் மூட்டு வலிக்காமல் இருக்கலாம், நன்றாகத் தெரியும் மூட்டு வலிக்கலாம். ஆனாலும் ஒன்று உறுதி: வயதான பூனைக்கு மூட்டுவலி என்பது அபூர்வமான நோய் கிடையாது. அதை எதிர்பார்த்துத் தேடுவதுதான் முறை.

தேட வேண்டியது முனகலை அல்ல, நடத்தையை. நெல்லை வீட்டுக்காரர்களுக்கு இது கடினமான காரியமில்லை. பூனையின் வழித்தடம் நமக்குத் தெரியும். தரையிலிருந்து ஒரே தாவலில் பரணுக்கோ மதிலுக்கோ போன பூனை, இப்போது முதலில் நாற்காலி, அங்கே சற்று நின்று, பிறகு மேசை என்று தவணை முறையில் ஏறும். இறங்கும்போது குதிக்காமல், முன்னங்கால்களைச் சுவரோடு தேய்த்துக்கொண்டு முடிந்த மட்டும் கீழே நீட்டி, பிறகு விழுவதுபோல் இறங்கும். மச்சுப்படியில் முயல்போல இரண்டு பின்னங்கால்களையும் சேர்த்து வைத்து ஏறும். முதுகின் பின்பகுதியில் மயிர் சிக்குப் பிடித்திருக்கும், திரும்பி நக்க முடியவில்லை என்று அர்த்தம். நகம் தேயாமல் வளைந்து தரையில் டக்டக்கென்று சத்தம் கேட்கும். மண் தட்டின் விளிம்பைத் தாண்டக் கஷ்டப்பட்டு, தட்டுக்கு வெளியே அசிங்கம் பண்ணும். நாமோ ‘கொழுப்பு’ என்று அடிப்போம். தாவி ஏறுவது, தாவி இறங்குவது, படி ஏறுவது, படி இறங்குவது, ஓடுவது, எதையாவது துரத்துவது ஆகிய ஆறு அசைவுகளைக் கேட்டுத்தான் வெளிநாட்டு ஆய்வாளர்கள் பூனையின் மூட்டுவலியைச் சல்லடையிடும் வினாப்பட்டியலைத் தயாரித்திருக்கிறார்கள். இந்த ஆறையும் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு போனால், மருத்துவமனை மேசையில் பயந்து ஒடுங்கிக் கிடக்கும் பூனை காட்டாததை மருத்துவர் படத்தில் பார்த்துவிடுவார்.

‘வயசாயிட்டு, அப்படித்தான் இருக்கும்’ என்பது நாம் அடிக்கடி சொல்லும் சமாதானம். அதில் பாதி உண்மை உண்டு. தேய்ந்த குருத்தெலும்பை எந்த மருந்தும் திரும்பக் கொண்டுவராது. வயதைக் குணப்படுத்த முடியாது என்பதற்காக வயதோடு வரும் வலியையும் விட்டுவிட வேண்டும் என்று சொன்னால், நம் வீட்டுப் பெரியவர்களின் முழங்காலுக்கு நாம் மருந்தே வாங்கியிருக்கக் கூடாது. வலிக்கும் ஒரு விலை உண்டு. வலியுள்ள பூனை அசையாது. அசையாததால் தசை வற்றும். தசை வற்றிய மூட்டு இன்னும் வலிக்கும். தண்ணீர்க் கிண்ணம் வரை நடக்கச் சோம்பிக் குறைவாகக் குடிக்கும். வயதான சிறுநீரகத்துக்கு அதைவிடக் கேடு வேறில்லை. ஆகவே மருந்தின் பக்கவிளைவை எழுதும் தாளில், மருந்தே கொடுக்காததன் பக்கவிளைவையும் ஒரு பத்தியில் எழுதியாக வேண்டும். அந்தப் பத்தியை வெறுமையாக விட்டுவிட்டுக் கணக்குப் போடுவதால்தான் நம் முடிவுகள் பிசகுகின்றன.

இனி, உண்மையாகவே பயப்பட வேண்டியவை. முதலிடம் பாரசிட்டமாலுக்கு. மனித ஈரல் அந்த மருந்தைக் குளுகுரோனிக் அமிலத்தோடு பிணைத்து, தீங்கில்லாததாக்கிச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. அதற்குத் தேவையான நொதியை ஆக்கும் மரபணு பூனைகளில் பழுதாகிப் போய்விட்டது. இறைச்சி மட்டுமே தின்று வாழ்ந்த குலம், தாவர நச்சுகளை உடைக்கும் அந்த ஏற்பாட்டை வைத்துக்கொள்ளவில்லை. விளைவு, மருந்து உடலிலேயே தங்கி நச்சாக மாறி ரத்தச் சிவப்பணுக்களைத் தாக்குகிறது. ஆக்சிஜனைச் சுமக்க வேண்டிய ரத்தம் பழுப்பேறிச் செயலற்றுப் போகிறது. ஈறு நீலமாகவோ பழுப்பாகவோ மாறும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு இரைக்கும். நான்கு கிலோ பூனைக்கு 650 மில்லிகிராம் மாத்திரையில் பாதி கொடுத்தால் கிலோவுக்கு 81 மில்லிகிராம் ஆகிறது. கிலோவுக்கு 10 மில்லிகிராம் அளவிலேயே நச்சுக்குறி தெரிந்ததாகப் பதிவுகள் உண்டு. ‘குழந்தைக்கே கொடுக்கிறோமே’ என்ற வாதம் இங்கே செல்லாது. பூனைக்குப் பாதுகாப்பான பாரசிட்டமால் அளவு என்று ஒன்று கிடையாது. தெரியாமல் கொடுத்துவிட்டிருந்தால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல், மாத்திரை அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். அசிட்டைல் சிஸ்டீன் என்ற மாற்று மருந்து உண்டு, நேரம்தான் அதன் பலத்தைத் தீர்மானிக்கிறது.

பாரசிட்டமாலோடு முடிவதில்லை. ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்று மனிதருக்காக விற்கும் வலி மாத்திரைகள் பூனையின் குடலில் புண்ணையும் சிறுநீரகத்தில் செயலிழப்பையும் உண்டாக்கக்கூடியவை. ஆஸ்பிரின் நம் உடம்பைவிடப் பல மடங்கு நேரம் பூனையின் உடம்பில் தங்கும். நம் வீடுகளில் இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. பாட்டிக்கும் மூட்டுவலி, பூனைக்கும் மூட்டுவலி. பாட்டி முழங்காலில் வலிக் களிம்பைத் தேய்த்துக்கொண்டு உட்காருவார். பூனை அந்த மடியில் போய்ச் சுருண்டு படுத்து, பிறகு தன் மயிரை நக்கிச் சுத்தம் செய்யும். 2015-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதைப் பற்றியே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது: வீட்டுக்காரர்கள் தங்கள் தோலில் தடவிய ஃபுளுர்பிபுரோஃபென் என்ற வலி மருந்து ஒட்டிப் பூனைகள் நோயுற்றன, சில இறந்தும் போயின. பூனையின் காலிலேயே தைலம் தேய்ப்பது இதைவிட மோசம். கற்பூரமும் யூகலிப்டஸ் எண்ணெயும் சாலிசிலேட்டும் கலந்த தைலங்கள் தோலில் நிற்பதில்லை, நாக்கு வழியாக உள்ளே போகின்றன. நாட்டு மருந்து என்பதாலோ வெளிப்பூச்சு என்பதாலோ பக்கவிளைவு இல்லாமல் போய்விடாது.

ஓர் உயிருக்கு நல்லது இன்னோர் உயிருக்கு நஞ்சாகும் என்பதை நிரூபிக்க இந்தியாவுக்கு வெளியே போக வேண்டியதில்லை. மாடுகளின் வலிக்கும் வீக்கத்துக்கும் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசி மாட்டைக் குணப்படுத்தியது. அந்த மாட்டின் பிணத்தைத் தின்ற பாறு கழுகுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைத்துக் கொன்றது. பாகிஸ்தானில் நடந்த ஆய்வு 2004-இல் காரணத்தைக் கண்டுபிடித்துச் சொல்வதற்குள், இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குத் திரும்பியதால், 2015-இல் குப்பியின் அளவு 3 மில்லியாகக் குறைக்கப்பட்டது. அந்தக் கட்டுப்பாட்டை 2017-இல் சென்னை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 2023-இல் அசெக்ளோஃபெனாக், கீட்டோபுரோஃபென் இரண்டும் விலங்குகளுக்குத் தடை செய்யப்பட்டன, 2024 இறுதியில் நிமெசுலைடும் அந்த வரிசையில் சேர்ந்தது. டைக்ளோஃபெனாக்குக்கு மாற்றாக, பாறுகளுக்குத் தீங்கற்றது என்று சோதித்து முன்வைக்கப்பட்ட மருந்தின் பெயர் மெலாக்சிகாம். உங்கள் பூனைக்கு மருத்துவர் எழுதிக்கொடுக்கும் சொட்டு மருந்தும் பெரும்பாலும் அதுதான். ஆனால் பாறுக்கு நல்லதாகவும் மாட்டுக்கு நல்லதாகவும் இருந்த மெலாக்சிகாம், அதே காரணத்தாலேயே பூனைக்கும் நல்லதாகிவிடாது. அதைத் தனியாகத்தான் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

நிறுத்துப் பார்ப்போம். வலி, வீக்கம் ஆகியவற்றைத் தூண்டும் புரோஸ்டகிளாண்டின் என்ற வேதிப்பொருள் உடலில் உருவாவதை மெலாக்சிகாம் குறைக்கிறது. அதே புரோஸ்டகிளாண்டின் இரைப்பையின் உள்தோலைக் காக்கிறது. உடலில் நீர் குறையும்போது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தையும் தாங்கிப் பிடிக்கிறது. ஆக, ‘கிட்னி போயிரும்’ என்பது வெறும் வதந்தி இல்லை, அதற்கு உடலியல் காரணம் இருக்கிறது. 2010-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், பூனைக்கு இந்த மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுப்பது கடும் சிறுநீரகச் செயலிழப்போடும் மரணத்தோடும் தொடர்புடையது என்று மருந்துச் சீட்டில் கட்டம் கட்டி எச்சரிக்கச் சொன்னது. இணையத்தில் தேடுகிறவர்கள் முதலில் காண்பது அதைத்தான். அதே மருந்தை ஐரோப்பா 2007 முதலே பூனைகளின் நாள்பட்ட மூட்டுவலிக்குத் தினமும் கொடுக்க அனுமதித்திருந்தது என்பதைப் பலர் காண்பதில்லை. முரண்பாடுபோலத் தெரிவதன் முடிச்சு அளவில் இருக்கிறது. அமெரிக்காவில் பூனைக்கு அனுமதி பெற்றது அறுவைசிகிச்சைக்கான ஒற்றை ஊசி, கிலோவுக்கு 0.3 மில்லிகிராம். ஐரோப்பாவின் தினசரி அளவு, முதல் நாள் தவிர, கிலோவுக்கு 0.05 மில்லிகிராம், ஆறில் ஒரு பங்கு. நான்கு கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு 0.2 மில்லிகிராம் என்று ஆகிறது. மருந்துக்கடையில் மனிதருக்கு விற்கும் மெலாக்சிகாம் மாத்திரை 7.5 மில்லிகிராம், அந்த ஒரு மாத்திரை பூனையின் ஒரு நாள் அளவைப்போல 37 மடங்குக்கு மேல். கத்தியால் நறுக்கி யாரும் 37-இல் ஒரு பங்கு எடுத்துவிட முடியாது. நாய்க்கான திரவமும் பூனைக்கான திரவமும்கூட ஒரே அடர்த்தியில் வருவதில்லை. பொன் நிறுக்கும் தராசில் நிறுக்க வேண்டியதை மாட்டுச் சந்தைத் தராசில் நிறுத்தால் வரும் விபத்துக்கு மருந்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

‘என் பூனைக்கு ஏற்கெனவே சிறுநீரகம் பலவீனம், அதற்கு எப்படிக் கொடுப்பது?’ என்பது இன்னும் வலுவான கேள்வி. மூட்டுத் தேய்மானமும் நாள்பட்ட சிறுநீரக நோயும் கிழட்டுப் பூனைகளில் சேர்ந்தே வருவது வழக்கம் என்பதால் இதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆஸ்திரேலியாவில் 2008-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 46 பூனைகளுக்கு கிலோவுக்கு 0.01 முதல் 0.03 மில்லிகிராம் என்ற குறைந்த அளவைச் சராசரியாக ஆறு மாதத்துக்குச் சற்றுக் குறைவாகக் கொடுத்தார்கள். 4 விழுக்காட்டுக்கு வயிற்றுக் கோளாறு வந்தது, சிறுநீரகப் பாதிப்பு தென்படவில்லை. 2011-இல் அதே நாட்டில், ஏழு வயதைத் தாண்டிய, நிலையான சிறுநீரக நோயுள்ளவையும் அடங்கிய பூனைகளின் பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்த்ததில், குறைந்த அளவு மெலாக்சிகாம் நோயை வேகப்படுத்தியதாகத் தெரியவில்லை. இவை ஆறுதல் தருபவை; ஆனால் முதலாவதில் மருந்து கொடுக்காத ஒப்பீட்டுக் குழு கிடையாது, இரண்டாவது பின்னோக்கிப் பார்த்தது. 2021-இல் வந்த ஆய்வு மருந்தில்லாத குழுவோடு ஒப்பிட்டது: சிறுநீரக நோயுள்ள பூனைகளுக்குக் கிலோவுக்கு 0.02 மில்லிகிராம் வீதம் ஆறு மாதம் கொடுத்தும் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறையவில்லை. ஆனால் சிறுநீரில் புரதம் வெளியேறுவது மருந்து வாங்கிய குழுவில் அதிகமாக இருந்தது. புரதம் வெளியேறுவது நல்ல சகுனம் இல்லை. ஆகவே என் முடிவு இது: நிலையான, ஆரம்பக் கட்டச் சிறுநீரக நோய் இந்த மருந்துக்குக் கதவடைக்கும் காரணம் ஆகாது, அளவைக் குறைக்கவும் சிறுநீரை அடிக்கடி சோதிக்கவுமான காரணம். நோய் முற்றியிருந்தாலோ நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தாலோ கதவை அடைத்துவிடுவதே நல்லது.

இந்தச் சமநிலை நடைமுறையில் சில ஒழுங்குகளாக மாறுகிறது. தொடங்குமுன் ரத்தத்தில் கிரியாட்டினின், சிறுநீரின் அடர்த்தி, முடிந்தால் ரத்த அழுத்தம், கட்டாயமாக எடை. தொடங்கிய சில வாரங்களில் மறுபடி ஒருமுறை; பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறை. வலி அடங்கும் மிகக் குறைந்த அளவு எது என்று மருத்துவரோடு சேர்ந்து படிப்படியாகக் குறைத்துப் பார்ப்பது. ஸ்டீராய்டு ஊசியோ மாத்திரையோ ஓடிக்கொண்டிருக்கும்போது இதைச் சேர்க்கவே கூடாது, இரண்டும் சேர்ந்தால் குடல் புண் வரும் ஆபத்து மிகவும் கூடும்; ‘போன வாரம் வேறு இடத்தில் ஒரு ஊசி போட்டோம்’ என்ற தகவலை மறைக்காமல் சொல்ல வேண்டியது நம் பொறுப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி: சாப்பிடாத நாளில், வாந்தி எடுத்த நாளில், வயிற்றுப்போக்கு கண்ட நாளில் மருந்து கிடையாது, மருத்துவருக்குத் தொலைபேசி உண்டு. நம்மூர் வெயிலுக்கு இந்த விதி இரட்டிப்பாகப் பொருந்தும். வறண்ட நிலத்துக் காட்டுப்பூனையின் வழிவந்த வீட்டுப்பூனை தாகத்துக்குத் தண்ணீர் தேடிப் போகும் பழக்கம் குறைந்தது. கத்திரி வெயிலில் பாளையங்கோட்டை 38 டிகிரியைத் தாண்டும் நாட்களில் வறண்ட பிஸ்கட் தீவனத்தை மட்டும் தின்று, தண்ணீர் குறைந்து, அதன்மேல் மெலாக்சிகாமும் சேர்ந்தால் சிறுநீரகம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? உப்பில்லாமல் வேகவைத்த மீன் தண்ணீரும், வீட்டில் நாலு இடத்தில் வைத்த கிண்ணமும் இந்த வைத்தியத்தின் அங்கம்.

மருந்து வேலை செய்கிறதா என்பதை நாமே மதிப்பிடும்போது ஒரு பொறி இருக்கிறது. பிரியமான பிராணிக்கு மருந்து கொடுத்துவிட்டோம் என்ற நினைப்பே, அது நன்றாக நடக்கிறது என்று நம் கண்ணைச் சொல்ல வைக்கும். வெறும் சர்க்கரைத் தண்ணீரைக் கொடுத்தாலும் உரிமையாளர்கள் முன்னேற்றம் கண்டதாகச் சொல்வதை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். வட கரோலினா ஆய்வாளர்கள் 2014-இல் இதற்கு ஒரு வழி காட்டினார்கள். ஒரு குழுவுக்கு உண்மை மருந்து, இன்னொன்றுக்குப் போலி மருந்து. கொடுக்கும்போது இரு குழுவுக்கும் வேறுபாடு தெரியவில்லை. வீட்டுக்காரருக்குச் சொல்லாமல் மருந்தை நிறுத்தியபோது, உண்மை மருந்து வாங்கிய பூனைகள் மறுபடி மோசமானது தெளிவாகத் தெரிந்தது. நாம் செய்யக்கூடியது, மருத்துவர் சம்மதத்தோடு சில நாள் நிறுத்திப் பார்ப்பது. நிறுத்தியும் பூனை அதேபோல மேசை ஏறுகிறதென்றால், பயனில்லாத ஒரு மருந்தின் பக்கவிளைவை நாம் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். நிறுத்திய மூன்றாம் நாள் படியடியில் நின்று மேலே பார்த்துக்கொண்டே இருக்கிறதென்றால், அந்த மருந்துக்கு இடம் உண்டு.

மெலாக்சிகாமே ஒத்துக்கொள்ளாத பூனைக்கு வழி அடைந்துவிடவில்லை. கபாபென்டின் என்ற நரம்பு வலி மருந்து சிறுநீரகத்தைத் தாக்காது. ஆனால் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவதால் அங்கே பலவீனம் இருந்தால் உடலில் தேங்கும், பூனை தள்ளாடும், தூங்கி வழியும். 2018-இல் 20 கிழட்டுப் பூனைகளில் இதைச் சோதித்தபோது, கஷ்டப்பட்டுச் செய்த வேலைகளை எளிதாகச் செய்வதாக வீட்டுக்காரர்கள் சொன்னார்கள், அதே சமயம் பூனைகளின் மொத்த அசைவு குறைந்திருந்தது. வலி குறைந்த அமைதியா, மருந்து தந்த மயக்கமா என்று கண்ணை விழித்துப் பார்க்க வேண்டிய இடம் இது. புதிதாக வந்திருப்பது ஃப்ருனெவெட்மாப்: நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற வலித் தூண்டியைப் பிடித்துக் கட்டிவைக்கும் எதிர்ப்புரதம், மாதம் ஒரு ஊசி. ஐரோப்பா 2021-இலும் அமெரிக்கா 2022 ஜனவரியிலும் அனுமதித்தன. ஈரலும் சிறுநீரகமும் பெரிதாகச் சிரமப்படாமல் உடலில் கரையக்கூடியது என்பது இதன் பலம். வாந்தி, ஊசி போட்ட இடத்தில் வலி, தோல் அரிப்பு, சிரங்கு என்பவை சோதனைகளில் பதிவான தொல்லைகள். புதுமைக்கே ஒரு பக்கவிளைவு உண்டு: ஆயிரக்கணக்கான உடல்களில் ஆண்டுக்கணக்கில் போன பிறகுதான் அரிய கேடுகள் தலைகாட்டும். இதே வகையில் நாய்களுக்கு வந்த மருந்து பற்றி, அனுமதி கொடுத்த அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமே 2024 டிசம்பரில் மருத்துவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுத நேர்ந்தது. புதியது என்பதற்காக ஓடிப்போய் வாங்கவும் வேண்டாம், புதியது என்பதற்காக விலகவும் வேண்டாம்.

பக்கவிளைவு அநேகமாக இல்லாத வைத்தியமும் இருக்கிறது, அதில் பெரும்பகுதி மருந்துக்கடையில் விற்பதில்லை. பூனை வழக்கமாக ஏறும் இடத்துக்கு முன்னால் ஒரு முக்காலி; வழுக்கும் தரையில் பழைய சாக்கு அல்லது பாய்; மண் தட்டின் ஒரு பக்கம் தாழ வெட்டிய வாசல்; மாடியில் ஒன்று, கீழே ஒன்று என்று சாப்பாடும் தண்ணீரும்; மார்கழிப் பனியில் மடித்த போர்வை; தேயாத நகத்தை மாதம் ஒருமுறை வெட்டுவது. குண்டுப் பூனையை மெல்ல இளைக்க வைத்தால் மூட்டின் சுமை குறையும். மெல்ல என்பது முக்கியம், பட்டினி போட்டால் பூனையின் ஈரலில் கொழுப்பு அடைத்து வேறு நோய் வரும். மீன் எண்ணெயிலுள்ள ஒமேகா-3 அசைவைக் கொஞ்சம் கூட்டுவதாகச் சோதனைகள் சொல்கின்றன. அளவு மிஞ்சினால் வயிறு கழியும். ஒரு கெட்ட பழக்கத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பிரியத்தில் தினமும் ஈரலையே வேகவைத்துப் போடும் வீடுகள் உண்டு. ஈரலின் வைட்டமின் ஏ மாதக்கணக்கில் சேர்ந்தால் பூனையின் கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்து, தலையைத் திருப்பவே முடியாமல் போகும். பக்கவிளைவுக்குப் பயந்து மருந்தைத் தவிர்க்கிற அதே கை, சாப்பாட்டுத் தட்டில் மூட்டுவலியை உண்டாக்கிக்கொண்டிருக்கலாம்.

‘ஒரு பூனைக்கு இவ்வளவு செலவா, மனுசருக்கே பரிசோதனை பண்ண முடியல’ என்று கேட்கிறவரிடம் கோபப்பட எனக்கு நியாயமில்லை. ஆனால் கணக்கைச் சரியாகப் போடலாம். முந்தைய பத்தியில் சொன்ன மாற்றங்களுக்குக் காசு அநேகமாக இல்லை. திருநெல்வேலிக்காரர்களுக்கு இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் 2012 முதல் இருக்கின்றன. ஊர்தோறும் நாம் ‘மாட்டு ஆஸ்பத்திரி’ என்று அழைக்கும் அரசு மருந்தகங்கள் மாட்டுக்கு மட்டுமானவை என்று சட்டம் இல்லை. பரிசோதனைக்கு வழியே இல்லாதபோது சரியான முடிவு, சோதிக்காமல் தினசரி மருந்து தொடங்குவதாக இருக்க முடியாது; முக்காலியும் பாயும் எடையும் தண்ணீருமாக நிறுத்திக்கொள்வது. செலவு மிச்சம் என்று கொடுக்கும் அரை மாத்திரைதான் கடைசியில் எல்லாவற்றையும்விட அதிக விலை வைக்கிறது. இன்னொரு மறுப்பும் நியாயமானது: ‘தினமும் பிடித்து, அமுக்கி, வாயைத் திறந்து மருந்து ஊற்றுவதே ஒரு வதைதானே?’ ஆம், அப்படி ஊற்றினால் வதைதான். சொட்டு மருந்தைச் சாளை மீன் துண்டில் விட்டுக் கொடுத்துப் பாருங்கள். எந்த வழியிலும் வாங்காத பூனைக்கு அந்த மருந்து பொருந்தாது என்று மருத்துவரிடம் சொல்லி மாற்று கேளுங்கள். மருந்து தரும் நிம்மதியைவிட மருந்து கொடுக்கும் போராட்டம் பெரிதாகிவிட்டால் நிறுத்துவது தோல்வியாகாது. எல்லாம் செய்தும் சாப்பாடும் தூக்கமும் கெட்டு, தொட்டாலே சீறும் நிலை வந்தால், வலியில்லாமல் போக விடுவதைப் பற்றி மருத்துவரோடு பேசுவதும் பொறுப்பில் சேர்ந்ததே.

ஆகவே உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். அடுத்த முறை பூனையைக் கூடையில் வைத்துக் கொண்டுபோகும்போது மருத்துவரிடம் நாலு கேள்வி கேளுங்கள். இந்த எடைக்கு எத்தனை மில்லி, எந்த அடர்த்தியுள்ள குப்பியிலிருந்து? சிறுநீரகம் எப்படி இருக்கிறது, மறுபடி எப்போது பார்க்க வேண்டும்? எந்த அறிகுறி கண்டால் நான் உடனே நிறுத்த வேண்டும்? இது வேலை செய்யவில்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்? பதில்களைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டு, வீட்டில் பாட்டி முதல் பேரன் வரை மருந்து கொடுக்கும் எல்லோருக்கும் சொல்லுங்கள். இந்த நாலுக்கும் பதில் கையில் இருந்தால் முதல் சொட்டைத் தயங்காமல் கொடுங்கள். பதில் இல்லாத நாளில், பூனை எவ்வளவு கஷ்டப்பட்டாலும், மனிதர்களுக்கான எந்த மாத்திரையையும் உடைக்காதீர்கள்.

அன்புடன்,
நெல்லைச் சீமையிலிருந்து உங்களில் ஒருவர்